ஃபாரஸ்ட், ஜங்கிள் : நீலகிரி வழக்கில் இரு சொற்கள்

ஆங்கிலத்தில் பெருவழக்காக உள்ள ஃபாரஸ்ட், ஜங்கிள் என்னும் இரு சொற்களையும் நாம் ‘காடு’ என்னும் ஒரே சொல்லாற் பெயர்த்து விடுகின்றோம். இருமொழி அகராதிகள் பலவும் காடு என்பதற்கு நேராக இவ்விரண்டனையும் அடுத்தடுத்து நிறுத்தி அமைகின்றன. கதை எழுதுவோர்க்கும் செய்தி எழுதுவோர்க்கும் இதனால் இடர் ஒன்றும் நேர்வதில்லை. ஆயின், நீலகிரி மாவட்டத்தில், சிறப்பாகக் கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில், ஒரு நிலம் இவ்விரு சொற்களுள் எதனாற் குறிக்கத்தக்கது என்பதனைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் மனையும் தேயிலையும் நிலைத்தலும் நிலைகுலைதலும் உண்டு. சொற்பொருளாராய்ச்சி இத்துணை அண்மையில் மக்கள் வாழ்வைத் தொடும் இடங்கள் மிகச் சில. ஆதலின் அவ்வேறுபாட்டைச் சொற்களின் பிறப்பிலிருந்தே தொடங்கி ஆராய்தல் தக்கது.

முதற்கண் வழக்கை நோக்குவோம். உதகமண்டலத்திலும் குன்னூரிலும் ஆங்கிலம் பயின்றோரும் பயிலாதோரும் இவ்விரு சொற்களையும் நாள்தோறும் வழங்குகின்றனர். ‘ஃபாரஸ்ட் ஆபீஸ்’, ‘ஃபாரஸ்ட் கார்டு’, ‘ஃபாரஸ்ட் ரேஞ்சர்’, ‘ஃபாரஸ்ட் பங்களா’, ‘ரிசர்வ் ஃபாரஸ்ட்’ என்பன ஒரு சாரார் வழக்கு. இவற்றுள் ஒன்றிலேனும் ஃபாரஸ்ட் என்பதை நீக்கி ஜங்கிள் என்பதை வைத்தல் இயலாது. மறுசாரில், காட்டுக்கோழிக்கும் காட்டுப்பூனைக்கும் ஆங்கிலப் பெயர்களில் முன்னிற்பது ஜங்கிள் என்பதே. மசினகுடிப் பக்கத்து விடுதிகள் தம் பெயர்ப் பலகைகளில் விரும்பி எழுதிக்கொள்வதும் அதுவே. தொகுத்து நோக்கின், ஃபாரஸ்ட் என்பது எல்லைக்கல்லும் பதிவேடும் காவலனும் உடைய இடம். ஜங்கிள் என்பது விலங்கும் அச்சமும் வியப்பும் உடைய இடம். முன்னது அரசின் சொல். பின்னது அவ்விடத்தைக் கண்டு மருள்வோனுடைய சொல்.

இவ்வேறுபாட்டை நன்கு காட்டுவது சட்டம் என்னும் சொல்லோடு இவை சேருங்கால் பிறக்கும் பொருளாகும். ஃபாரஸ்ட் என்பதனோடு சட்டம் சேரின், அது அச்சிட்ட பிரிவுகளும் தண்டனைகளும் உடைய உண்மைச் சட்டம். ஜங்கிள் என்பதனோடு சட்டம் சேரின், வல்லான் வகுத்ததே வாய்க்கால் என நாம் சொல்லும் நிலை, அஃதாவது சட்டமின்மை. கிப்ளிங்கு என்பார் 1894-ஆம் ஆண்டிலும் அதனை அடுத்த ஆண்டிலும் வெளியிட்ட விலங்குக் கதை நூல்களில் இத்தொடரை ஒழுங்குமுறை என்னும் பொருளிலேயே ஆண்டார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஆயினும் மக்கள் அவர் கொண்ட பொருளைக் கைவிட்டுத் தொடரை மட்டும் வைத்துக்கொண்டனர்.

இனி ஜங்கிள் என்பதன் வரலாறு. இது நம் நாட்டிலிருந்து ஆங்கிலத்துட் சென்ற சொல். வடமொழியில் ‘ஜாங்கல’ என்பது மரஞ்செறிந்த இருண்ட காட்டைக் குறித்ததன்று. நீர் அருகிய, வெயில் மிக்க, முள்மரங்கள் இடையிட்டு நிற்கும் வெளிநிலத்தையே அது குறித்தது. சரகம், சுசுருதம் முதலிய மருத்துவ நூல்கள் நிலத்தை வகுக்குமிடத்து, நீர் தேங்கும் சதுப்பு நிலத்தை ‘ஆநூபம்’ எனவும், மான்கள் உலவும் வறண்ட வெளியை ‘ஜாங்கலம்’ எனவும் கூறும். நோய் குறைந்த நன்னிலம் இப்பின்னதே என்பதும் அந்நூல்களின் கருத்து. இந்தியச் சூழலியல் வரலாற்றை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஃபிரான்சுவா சிம்மர்மன் 1982-இல் வெளியிட்ட நூலில் இப்பொருள் விரிவாக விளக்கப்பட்டுள்ளது.

இந்தி முதலிய மொழிகளில் ‘ஜங்கல்’ என்றாகிய இச்சொல், பயிரிடப்படாது கிடக்கும் நிலம் என்னும் பொருளைப் பெற்றது. ஆங்கில நூல்களில் இது பதிவாகும் மிகப் பழைய இடங்களுள் ஒன்று, ஹால்ஹெட் என்பார் 1776-இல் வெளியிட்ட இந்துச் சட்டத் தொகுப்பு. ஐந்தாண்டு உழாமற் கிடந்த நிலத்துக்கு இது பெயர் என்று அந்நூல் கூறுகின்றது. யூல், பர்னெல் ஆகிய இருவரும் தொகுத்து 1886-இல் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம் இம்மேற்கோளை எடுத்துக் காட்டுகின்றது. ஆங்கிலத்தில் நுழைந்த காலத்தும் ஜங்கிள் என்பது மரத்தைக் குறித்ததன்று, உழவின்மையையே குறித்தது என்பது இதனால் தெளிவாகின்றது. உழாது விட்ட நிலத்தில் புதர் மண்டும்; புதர் மண்டின் விலங்கு சேரும்; இவ்வாறாக இடத்தின் பெயர் அவ்விடத்து முளைத்தவற்றின் பெயராயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது அடர்ந்த வெப்பநாட்டுக் காட்டையே குறிக்கும் சொல்லாய் முடிந்தது.

பொருள் இங்ஙனம் தலைகீழாகியதற்கு நோய் ஒரு சான்று. மலைக்காய்ச்சலை ஆங்கிலேயர் ‘ஜங்கிள்’ காய்ச்சல் என்றனர். நீலகிரியின் அடிவாரமும் வயநாட்டை ஒட்டிய கூடலூர்ப் பகுதியும் அக்காய்ச்சலுக்குப் பேர்போனவை. கொசுவுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1897-இல் செகந்திராபாத்தில் மெய்ப்பித்த ரொனால்டு ராஸ், அவ்வாண்டின் முற்பகுதியில் உதகை வந்து, சீகூர்க் கணவாய்ப் பக்கத்தில் ஆராய முற்பட்டுத் தாமே அக்காய்ச்சலுக்கு ஆளானார். நோயற்ற நிலத்துக்கு மருத்துவ நூலார் இட்ட பெயர், நோய்க்கே அடைமொழியாய் வந்து நின்றமை சொல்வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

ஃபாரஸ்ட் என்பதும் தொடக்கத்தில் மரத்தைக் குறித்த சொல்லன்று. நடுக்கால இலத்தீனில் ‘ஃபோரெஸ்டிஸ்’ என வழங்கிய இதனை, ‘புறம்பே’ எனப் பொருள்படும் ‘ஃபோரிஸ்’ என்பதனடியாகப் பிறந்தது என்பர் பலர். பொது நிலத்துக்குப் புறம்பாக, அரசனுக்கென விலக்கி வைக்கப்பட்ட நிலம் என்பது கருத்து. மன்றம் எனப் பொருள்படும் ‘ஃபோரம்’ என்பதனின்று பிறந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும், விலக்கும் ஆணையும் இச்சொல்லின் கருவிலேயே உள்ளன. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், அரசன் வேட்டையாடுதற்கு வரைந்து வைத்த பரப்புக்கள் இப்பெயர் பெற்றன. அவற்றுள் மரம் இருந்தது, புல்வெளியும் மேடும் சேறும் இருந்தன, ஊர்களும் இருந்தன. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இத்துறைச் சட்டங்களைத் தொகுத்த மான்வுட் என்பார், மரநிலமும் வளமான மேய்ச்சல் நிலமும் சேர்ந்த, விலங்கினம் அரசன் காவலில் இளைப்பாறுதற்குரிய இடம் என்றே இதற்கு இலக்கணம் வகுத்தார். ஸ்காத்லாந்தில் மான் வேட்டைக்குரிய ‘ஃபாரஸ்ட்’டுகள் பல மரமே இல்லாத மலைச்சரிவுகள் என்பதை அந்நாட்டுக்குச் சென்றோர் அறிவர். விறகு பொறுக்கவும் பன்றி மேய்க்கவும் குடிகட்கு இருந்த உரிமைகளை அரசன் பறித்தமையால் எழுந்த பிணக்கே 1217-ஆம் ஆண்டின் உரிமைப் பத்திரத்துக்கு வழிகோலியது.

ஆகவே ஒன்று உழவில்லா நிலம். மற்றொன்று விலக்கப்பட்ட நிலம். இரண்டும் பிற்காலத்தேதான் மரத்தின்மேல் வந்து ஏறின. ஏறிய பின்னரும் தத்தம் பழைய மணத்தை அவை விடவில்லை.

நம் ‘காடு’ என்பதன் நிலை யாது? தொல்காப்பியர் காட்டை முல்லைக்கும், மலையைக் குறிஞ்சிக்கும் உரியதாக்கினார். முல்லை நில மக்கள் ஆநிரை மேய்ப்போர். வரகும் அவரையும் விளைப்போர். ஆகவே சங்கப் புலவர் கருதிய முல்லைக்காடு, சூரியன் புகாத பெருங்காடு அன்று. மேய்ச்சலுக்கும் புன்செய்ப் பயிருக்கும் இடந்தரும் குறுங்காடு. இப்பொருளில் அது ஜங்கிள் என்பதன் பழைய நிலைக்கே அணுக்கமானது. இன்றும் கொங்கு நாட்டில் ‘காட்டில் சோளம் விதைத்தோம்’ எனின், புன்செயில் விதைத்தோம் என்பதே பொருள். மேட்டுப்பாளையத்தில் உழவர் ‘காட்டுக்குப் போகின்றேன்’ என்றால் அவர் மண்வெட்டியோடு போகின்றார். அங்கிருந்து மலைப்பாதை ஏறியபின் அதே தொடரைக் கேட்போர் யானையை நினைப்பர். சுடுகாடு, இடுகாடு என்பனவற்றில் காடு என்பது ஊர்க்குப் புறம்பான இடம் என்னும் அளவில் நிற்கின்றது. ‘நாடு’ என்பதன் எதிர்ச்சொல்லாக நிற்குமிடத்து அது மனிதன் திருத்தாத நிலம். காட்டை வெட்டி நாடாக்கிய சோழனைப் பட்டினப்பாலை புகழ்கின்றது. இன்றைய வனச்சட்டம் அச்சோழனை எப்பிரிவின்கீழ்க் கொண்டுவந்து நிறுத்தும் என எண்ணிப் பார்த்தல் நகைப்புக்குரியதேயாயினும், காலந்தோறும் சொல்லின் மதிப்பு எவ்வாறு மாறுகின்றது என்பதற்கு அது தக்க விளக்கம்.

நீலகிரி மேட்டுநிலத்துக்கு வருவோம். 2,637 மீட்டர் உயர்ந்த தொட்டபெட்டாவைச் சூழ்ந்த இம்மேட்டு நிலத்தின் இயற்கைத் தோற்றம், விரிந்த புல்வெளியும், அதன் மடிப்புகளில் நீரோடையைப் பற்றி நிற்கும் சிறு சிறு மரத்தொகுதிகளும் ஆகும். இம்மரத்தொகுதிகட்கு ஆங்கிலத்தில் ஏற்ற பெயர் இல்லை. ஃபாரஸ்ட் என்றால் பரப்புப் போதாது. ஜங்கிள் என்றால் அவற்றின் குளிர்ச்சிக்கும் பாசி படர்ந்த அமைதிக்கும் ஒவ்வாது. ஆகவே ஆங்கிலேயர் நம் ‘சோலை’ என்னும் சொல்லையே ‘ஷோலா’ எனக் கடன் கொண்டனர். உலகின் தாவரவியல் நூல்களில் இன்று அது கலைச்சொல். ஒரு நிலத்தின் இயல்பை அந்நிலத்தார் மொழியே நேர்படக் கூறும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

சோலைக்குப் பெயர் கிடைத்தது, புல்வெளிக்குக் கிடைக்கவில்லை. தோதவர் எருமைகள் மேய்ந்த அப்பரப்பை ஆட்சியாளர் பதிவேடுகள் பலவிடங்களில் தரிசு என்றே கண்டன. சென்னை ஆளுநராக 1891 முதல் 1896 வரை இருந்த வென்லாக் பிரபுவின் பெயரால் உதகைக்கு அருகிலுள்ள புல்மேடு இன்றும் ‘வென்லாக் டவுன்ஸ்’ எனப்படுகின்றது. இங்கிலாந்தின் தென்பகுதிப் புல்மேடுகளை நினைந்து இட்ட பெயர் அது. மரமில்லாத நிலம் ஃபாரஸ்ட் ஆகாது, ஆக்கப்பட வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றபின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஆஸ்திரேலியக் கற்பூரமரமும் சீகை மரமும் இங்கு நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் அப்பணி பேரளவிற் பெருகியது. புல்வெளி என்பது மரம் அழிந்தமையால் எஞ்சிய குறை நிலமன்று என்பது பின்னரே தெளிவாயிற்று. நீலகிரியின் கரிச்சேற்றுப் படிவங்களை ஆராய்ந்து சுகுமாரும் அவர் உடனாய்வாளரும் 1993-இல் வெளியிட்ட கட்டுரை, ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளாகப் பருவநிலை மாறுந்தோறும் புல்லும் மரமும் ஒன்றையொன்று முன்னும் பின்னும் தள்ளி வந்தமையைக் காட்டுகின்றது. பழைய ஆங்கிலப் பொருளில் நோக்கின், மேய்ச்சலும் மரமும் கலந்த இம்மேட்டுநிலம் மான்வுட் வகுத்த ஃபாரஸ்ட் இலக்கணத்துக்கு முற்றும் பொருந்துவது. ஃபாரஸ்ட் என்பதற்கு மரத்திரள் என்னும் புதுப்பொருளைக் கொண்டு வந்தவரே அதன்மேல் சீகையை நட்டனர்.

சொல்லின் பொருள் வழக்கு மன்றம் ஏறிய கதை கூடலூரில் நிகழ்ந்தது. கூடலூர் வட்டம் நிலம்பூர்க் கோவிலகத்தின் ஜன்மநிலமாக இருந்த பகுதி. முதுமலைக் காடுகளையும் சென்னை அரசினர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்குடும்பத்தினரிடமிருந்தே குத்தகைக்குக் கொண்டனர். 1949-ஆம் ஆண்டின் சென்னைத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், மரமும் புதரும் உள்ள தரிசும் மேய்ச்சல் நிலமும் ஃபாரஸ்ட் என்பதனுள் அடங்கும் என உரைத்தது. அதன்பின் 1969-இல் கூடலூர் ஜன்ம எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தோட்டக் கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. 1972-இல் பால்மாடிஸ் தோட்ட வழக்கில் உச்சநீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை நிலைநிறுத்தியது. ஆயினும் ஜன்ம எஸ்டேட்டுகளில் உள்ள ஃபாரஸ்ட் நிலங்களை அரசு எடுத்துக்கொள்ளுதல் உழவர்க்கான நிலச்சீர்திருத்தம் ஆகாது எனக் கூறி அப்பகுதியைச் செல்லாதாக்கியது. 1974-இல் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையுட் சேர்த்து அச்சட்டத்துக்குக் காப்பு அளிக்கப்பட்டது. அக்காப்பை எதிர்த்து எழுந்த கொயல்ஹோ வழக்கில் 2007-ஆம் ஆண்டு சனவரி 11-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் அளித்த தீர்ப்பை அரசியலமைப்புச் சட்டம் பயிலும் மாணவர் அனைவரும் அறிவர். அதன் வேர் கூடலூர் மண்ணில் உள்ளது என்பதை அறிந்தோர் அவருட் சிலரே.

நம் ஆராய்ச்சிக்கு இன்னும் நெருங்கியது மற்றொரு வழக்கு. நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாட், கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுதல் கண்டு 1995-இல் உச்சநீதிமன்றத்தை அணுகினார். 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச்சட்டமும், 1980-இல் இயற்றப்பட்ட வனப்பாதுகாப்புச் சட்டமும் ஃபாரஸ்ட் என்பது யாது என வரையறுக்கவில்லை. 1996 திசம்பர் 12-ஆம் நாள் நீதிபதிகள் வர்மாவும் கிர்பாலும் பிறப்பித்த ஆணை, அச்சொல்லை அதன் அகராதிப் பொருளிலேயே கொள்ளவேண்டும் என்றது. உடைமை யாருடையதாயினும், அரசுப் பதிவேட்டில் அப்பெயர் பெற்ற நிலமும் அதனுள் அடங்கும் என்றது. எந்த அகராதி என்று கூறவில்லை.

சொல்லாராய்ச்சியாளன் இவ்விடத்தில் சற்று நிற்றல் வேண்டும். அகராதிப் பொருள் என்று நீதிமன்றம் கொண்டது, மரஞ்செறிந்த நிலம் என்னும் இக்காலப் பொருளை. பதிவேட்டுப் பொருள் என்று கொண்டது, அரசன் விலக்கிய நிலம் என்னும் பழம்பொருளை. ஆயிரம் ஆண்டு இடைவெளியுடைய இரு பொருள்களையும் ஒரே ஆணை ஒருங்கே பிணித்தது. மரம் இருந்து பதிவு இல்லையாயினும் அது ஃபாரஸ்ட். பதிவு இருந்து மரம் இல்லையாயினும் ஃபாரஸ்ட். காக்கும் நோக்கத்துக்கு இஃது உறுதியான வேலி என்பதில் ஐயமில்லை. அவ்வாணை தமிழ்நாட்டுத் தோட்டங்களைப் பற்றித் தனியே சிலவற்றை விதித்தது: தேயிலைக்கு நிழலாக நட்டு வளர்த்த மரங்களை வரம்புக்குட்பட்டு வெட்டலாம், தானே முளைத்த மரத்தைத் தொடலாகாது. தோட்டத்துள் பயிர் செய்யாமல் விட்ட பகுதிகளுள் ஃபாரஸ்ட் ஆவனவற்றைக் கண்டறிய வேண்டும். தோட்டம் மேலும் ஃபாரஸ்டினுள் விரிதல் கூடாது. பயிரிடாது விடப்பட்டு மரம் மண்டிய நிலம் என்பது ஹால்ஹெட் காட்டிய ஜங்கிள் அன்றோ? வழக்கு மன்றத்தில் ஜங்கிள் என்னும் சொல் நுழையவில்லை. அதன் பொருள் மட்டும் ஃபாரஸ்ட் என்னும் பெயரோடு உள்ளே வந்து அமர்ந்தது.

இதனால் தாக்குண்டோர் பெருந்தோட்டக்காரர் மட்டுமல்லர். ஜன்ம ஒழிப்புச் சட்டத்தின் பதினேழாம் பிரிவுக்குட்பட்ட நிலங்களில் குடியேறிய எளிய மக்கள் பட்டாவும் மின் இணைப்பும் இன்றிப் பல்லாண்டு காத்திருந்தனர். ‘செக்‌ஷன் பதினேழு’ என்பது கூடலூர்ப் பக்கத்தில் சட்டத்தின் பிரிவாக அன்றி ஊர்ப்பெயர் போலவே வழங்குகின்றது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாத்திரி உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்க்கு வாழ்வு தரும்பொருட்டு 1968-இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டமும் வனத்துறை நிலத்தில் எழுந்ததே. ‘டான்டீ’ எனப்படும் அக்கழகத்தின் தோட்டங்களில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தர 2022-இல் அரசு முடிவு செய்தபோது, இரு தலைமுறை கொழுந்து பறித்தோர் தம் வீட்டுவரிசை யாருடைய நிலத்தில் உள்ளது என வினவ வேண்டியவராயினர். அவர்கள் நாவில் அந்நிலம் என்றும் ‘எஸ்டேட்’; ஏட்டில் என்றும் ஃபாரஸ்ட்.

சொல்லின் போர் இன்னும் ஓயவில்லை. 2023-இல் 1980-ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு, அதன் ஆங்கிலப் பெயரே நீக்கப்பட்டு, ‘வன்’ எனத் தொடங்கும் வடமொழிப் பெயர் இடப்பட்டது. அறிவிக்கை பெற்ற நிலமும், 1980 அக்டோபர் 25-ஆம் நாள் முதலாகப் பதிவேட்டில் உள்ள நிலமுமே சட்டத்துக்குட்பட்டவை என அத்திருத்தம் வரைந்தது. எனவே அகராதிப் பொருள் விலகிப் பதிவேட்டுப் பொருள் மட்டும் நிற்பதாயிற்று. 2024 பிப்ரவரி 19-ஆம் நாள் உச்சநீதிமன்றம், 1996-ஆம் ஆண்டின் பொருளையே பின்பற்றுமாறு இடைக்கால ஆணை தந்தது.

இனி மொழிபெயர்ப்பாளர்க்கு ஒன்று கூறலாம். நம் அரசு வழக்கில் முன்னர்க் ‘காட்டிலாகா’ என்றிருந்தது பின்னர் ‘வனத்துறை’ ஆயிற்று. வடசொல்லாதலின் வனம் என்பதை விலக்குதல் வேண்டும் என்பாரும் உளர். எம் கருத்து வேறு. காடு என்பது உழவர்க்கும் ஆயர்க்கும் கவிஞர்க்கும் உரிய பரந்த சொல். அதனைச் சட்டத்தின் குறுகிய சிமிழில் அடைத்தல் வேண்டா. சட்டம் எல்லையிட்ட நிலத்துக்கு வனம் என்பதும், நிலத்தின் இயல்பைக் கூறுங்கால் காடு, சோலை, புல்வெளி என்பனவும் வழங்கின் குழப்பம் பெரிதும் நீங்கும். ஜங்கிள் என்பதற்குப் புதர்க்காடு, குறுங்காடு, பெருங்காடு என இடத்துக்கேற்பப் பெயர்த்தலே முறை. ஒரே சொல் கொண்டு ஒப்பேற்றுதல் ஆகாது.

இவ்விரு சொற்களாலும் அடையாளம் பெற்ற மக்களின் பெயரையும் இவ்விடத்து நோக்கலாம். நீலகிரியின் பழங்குடியினருள் ஒரு சாராரை ஆங்கிலேயர் ‘ஜங்கிள் குறும்பர்’ என எழுதினர். இந்தியில் ‘ஜங்லி’ என்பது வசைச்சொல்லாயிற்று; தமிழில் ‘காட்டான்’ என்பதும் அவ்வாறே. ஆயின் அம்மக்களுக்குத் தமிழில் வழங்கும் பெயர் காட்டுநாயக்கர் என்பது. காட்டுக்குத் தலைவர் என்பது அதன் நேர்ப்பொருள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ் அவர்கள் தம் உரிமையை நிலைநாட்ட அளிக்கும் விண்ணப்பத்தில், அக்காட்டில் தாம் வாழ்ந்து வந்தமைக்குச் சான்று காட்ட வேண்டும் என விதி உள்ளது.